கிண்ணியாவில் கட்டிய ஜீப்: ஒரு சுசுகி எஸ்.ஜே.413, ஒரு கராஜ், நிறைய உப்பு

திருகோணமலைப் பக்கம் காட்டுப்பாதையும் கடற்கரைப்பாதையும் ஓட ஒரு ஜீப்பைத் தயார்செய்ய நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்முடைய பகுதியில் ஜீப்புக்கு முதல் எதிரி உப்பு. அடுத்தது மணல். மாரி தொடங்கினால் களி. பாறை ஏறும் சந்தர்ப்பம் நமக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். ஆனால் கடையில் விற்கிற சாமானும் யூடியூபில் காட்டுகிற வேலையும் பெரும்பாலும் பாறையை மனதில் வைத்துச் செய்தவை. இந்த வித்தியாசத்தை அறிந்து வேலை செய்கிற கராஜ் ஒன்று கிண்ணியாவில் இருக்கிறது. என் எஸ்.ஜே.413 அங்கேதான் கட்டியது. அந்த வேலை எப்படி இருந்தது, எது நன்றாக வந்தது, எதில் அவர்கள் இன்னும் கவனம் எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நான் நில அளவையாளர். ஒரு வாரம் ஈச்சிலம்பற்று, வெருகல் என்றால் அடுத்த வாரம் கும்புறுப்பிட்டி, திரியாய். பிரதான வீதி எல்லாம் இப்போது நல்ல கார்ப்பெட் ரோட்டு. ஆனால் அளக்கிற காணி ஒருநாளும் பிரதான வீதியில் இருப்பதில்லை. வயல் வரம்பு, குளக்கட்டு, பற்றைக்காட்டுப் பாதை என்று கருவிகளையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வேலை இல்லாத நாளிலும் அதே மாதிரிப் பாதைகளைத் தேடிப் போகிற ஆள் நான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஓடின வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. புதிய ஜிம்னி பற்றி யோசிக்கவே முடியாது. அதனால் பழைய எஸ்.ஜே.413 ஒன்றை வாங்கினேன்.

இந்த ஜீப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1984-இல் வெளிவரத் தொடங்கிய மாடல். 1324 சி.சி. பெற்றோல் எஞ்சின், கார்புரேட்டர், ஐந்து கியர். தனிச் சேஸி (அடிச்சட்டம்), முன்னும் பின்னும் முழு அக்ஸல், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். எடை ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் வரும். மணலில் அந்த எடைக்குறைவுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. பெரிய பஜேரோ புதைகிற இடத்தில் இது மேலாலே போய்விடும். எலெக்ட்ரானிக் பெட்டி எதுவும் கிடையாது. உதிரிப்பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்னும் கிடைக்கிறது.

கராஜுக்கு வருவோம். பெயர்ப்பலகை இல்லை. பாலம் தாண்டி ஊருக்குள் போய் ஜீப் நானாவின் கராஜ் என்று கேட்டால் காட்டுவார்கள். தகரக் கூரை, இரண்டு வேப்பமரம், ஒரு பழைய லேத் மெஷின். பெரும்பாலும் வயல் டிராக்டரும் லேண்ட்மாஸ்டரும் நிற்கும், இடையிடையே மீன் ஏற்றுகிற பிக்கப். உப்பு தின்ற வாகனங்களைத் தினமும் பார்க்கிற இடம். என் ஜீப்புக்கு அது பொருத்தமான தகுதி என்று எனக்குப் பட்டது.

முதல் நாள் நான் ஒரு பட்டியலோடு போனேன்: ஐந்து அங்குல உயரம், பெரிய டயர், முன்னுக்கு வின்ச் (புதைந்தால் கயிறு சுற்றி இழுத்தெடுக்கும் மோட்டார்), ஸ்னோர்கல் (எஞ்சினுக்கு உயரத்தில் இருந்து காற்று எடுக்கும் குழாய்). நானா பட்டியலை வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தார்.

அந்தச் சுத்தியல் வேலையை நானும் பக்கத்தில் படுத்திருந்து பார்த்தேன். முன் பம்பரில் இருந்து தொடங்கி, சேஸியின் இரண்டு பக்கச் சட்டத்தையும் நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு உள்ளே தின்ற இடம் தகரம் போலச் சத்தம் அடைத்து வரும். அப்படிக் கேட்ட இடத்தில் சோக்கால் வட்டம். பின்சில்லுக்கு மேலே சட்டம் வளைகிற இடம், பின் ஸ்பிரிங் தொங்கும் கொளுக்கிக்குப் பக்கம், பொடி (ஜீப்பின் மேல்கூடு) உட்காரும் தாங்கிகளின் அடி, எல்லாவற்றிலும் வட்டம் விழுந்தது. ஓரிடத்தில் சுத்தியலின் முனை சாவகாசமாக உள்ளே போனது. மேலே புதுப் பெயின்ட் பளபளத்தது. விற்றவர் வடிவாகக் கறுப்பு அடித்து விட்டிருந்தார்.

சேஸிச் சட்டம் பெட்டி வடிவம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். கடற்கரையில் ஓடினால் அந்த ஓட்டைகளை மணல் அடைத்துவிடும். உப்புத்தண்ணீர் உள்ளேயே நிற்கும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நானா ஒரு கம்பியை விட்டுக் கிளறியபோது உள்ளே இருந்து கொட்டியது ஒரு சிரட்டை நிறைய மணலும் துருச் செதிலும். “ஒசத்துறது ரெண்டு நாள் வேல தம்பி. இந்தச் சேஸிக்கு மேல ஒசத்தினா, ஒசரத்துல இருந்துதான் விழுவீங்க” என்றார்.

அப்படித்தான் வேலையின் ஒழுங்கு மாறியது. முதலில் சேஸி, பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும், பிறகு டயர், அந்த டயர் உரசாமல் சுற்றுவதற்கு எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவு மட்டும் உயரம். இந்த ஒழுங்குக்காகவே நான் இந்தக் கராஜைப் பரிந்துரைக்கிறேன்.

சேஸி வேலை மிகச் சுத்தம். வட்டம் போட்ட இடத்தை வெட்டி எடுத்து, அதே தடிப்பில் தகடு வளைத்து உள்ளுக்கும் வெளிக்கும் வெல்ட் பண்ணினார்கள். ஓட்டையின் மேல் தகடு வைத்து மூடுகிற வேலை எங்கேயும் இல்லை. அப்படி மூடினால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் திரும்பவும் ஈரம் நிற்கும். வெல்ட் ஓடுகிற திசையையும் கவனித்தேன். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக வெட்டாமல் சரிவாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். குறுக்கு வெல்ட் வளைவுச் சுமையில் அதே கோட்டில் முறியும். சேஸி நம்பர் அடித்த இடத்தில் கை வைக்கவே இல்லை. அது முக்கியம். அந்த நம்பர் மறைந்தாலோ அழிந்தாலோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிறகு அலைய வேண்டியதுதான். கடைசியாக சிங்க் பிரைமர், அதன்மேல் பெயின்ட், சட்டத்துக்கு உள்ளே குழாய் விட்டு மெழுகு மாதிரியான திரவம் விசிறினார்கள். வடிகால் ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாக்கியும் விட்டார்கள்.

எங்கள் பக்கம் பலர் பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறுவார்கள். இரும்புக்கு ஓரளவு உதவும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் எல்லாம் ஊறி உப்பிப் போகும், போகிற இடமெல்லாம் மண்ணிலும் சொட்டும். நானா அதைச் செய்வதில்லை. எனக்கும் அது சரி.

அடுத்து முன் அக்ஸல். எஸ்.ஜே.யின் முன்சில்லு திரும்புகிற இடத்தில் ஒரு இரும்புக் கோளம் இருக்கும். அதைச் சுற்றிக் கம்பளித் துணி மாதிரி ஒரு வளையமும் ஒரு ரப்பர் வளையமும். அவை தேய்ந்தால் மணலும் தண்ணீரும் உள்ளே போய்க் கிறீஸோடு கலந்து, உள்ளிருக்கும் ஜொயின்டை அரைத்துத் தள்ளிவிடும். என் ஜீப்பில் திறந்தபோது கிறீஸ் சாம்பல் நிறத்தில், விரலால் தடவினால் நறநறவென்று இருந்தது. இரண்டு பக்கமும் புது வளையம், புது கிங்பின் பெயரிங், அதை இறுக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை அளந்து அளந்து போட்டார்கள். முன்பு அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் உதறும். இப்போது அந்த உதறல் சுத்தமாக இல்லை.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். எல்லாம் புதுசு. பின் ட்ரம்முக்குள் மணல் தங்கும் என்பதால், கடற்கரை ஓடி வந்தால் கழற்றிக் கழுவச் சொல்லிக் காட்டியும் கொடுத்தார்கள்.

டயர்தான் நீண்ட பேச்சு. என் ஜீப்பில் இருந்தது 205/70 ஆர்15. அதன் முழு உயரம் 668 மில்லிமீற்றர். நாங்கள் போட்டது 235/75 ஆர்15, 733 மில்லிமீற்றர். வித்தியாசம் 65. அதில் பாதி, அதாவது 33 மில்லிமீற்றர் அளவுக்கு அக்ஸலின் அடி நிலத்தில் இருந்து உயரும். பலர் கவனிக்காத விஷயம் இது: ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பொடிதான் உயரும், அக்ஸலும் அதன் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற டிஃப் கோளமும் இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டில் தடத்தின் நடு மேட்டில் இடிப்பது டிஃப். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். போடுவதற்கு முன்னும் பின்னும் நான் நாடா பிடித்து அளந்தேன், கணக்கு அப்படியே வந்தது.

டயரின் பூ (வெட்டு) எப்படி என்பதும் கேள்வி. ஆழமான கட்டை வைத்த மட் டயர் எனக்கு ஆசை. நானா சொன்ன விளக்கம்: மணலில் மட் டயர் மண்வெட்டி வேலை பார்க்கும், தோண்டித் தோண்டித் தன்னைத்தானே புதைக்கும். மணலுக்கு வேண்டியது மிதக்கிற டயர். வெருகல் களியில் மட் டயர் நல்லதுதான். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி நமக்கு மணலும் கிரவலும் தார் ரோட்டும். எனவே எல்லா நிலத்துக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர். அகலம் கூடியதால் ரிம்மையும் 7 அங்குலத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. மொத்தச் செலவில் மிகப் பெரிய பங்கு டயருக்கும் ரிம்முக்கும்தான் போனது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இனி உயரம். எஸ்.ஜே.யில் பட்டை ஸ்பிரிங் அக்ஸலுக்குக் கீழே இருக்கும். அதை அக்ஸலுக்கு மேலே தூக்கி வைத்தால் ஒரே அடியில் ஐந்து அங்குலம் அளவில் உயரும். மலிவு வேலை, பார்க்கவும் எடுப்பு. நானா செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு சேர்த்து என்ன என்ன செய்ய வேண்டும் என்று விரல் மடித்துச் சொன்னார். ஸ்டியரிங் தண்டின் சரிவு மாறும், பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி ஜொயின்ட் தேயும். வேகம் எடுக்கும்போது அக்ஸல் சுழலப் பார்த்து ஸ்பிரிங் எஸ் வடிவில் முறுக்கும். பிரேக் ஹோஸ் எல்லாம் நீட்ட வேண்டும். இதையெல்லாம் செய்து முடித்தாலும், குட்டை ஜீப், ஒடுக்கமான சில்லிடை, உயரமான பாரம். மூதூர் ரோட்டில் திடீரென்று மாடு குறுக்கே வந்தால் வெட்டி எடுக்க ஏலாது என்றார். நமக்குக் காட்டுப்பாதைக்குப் போகவே அறுபது எழுபது கிலோமீற்றர் நல்ல ரோட்டில் ஓட வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கடைசியில் ஐம்பது மில்லிமீற்றர் உயரம். புதிதாக வளைத்த பட்டைத் தொகுதி, ஒரு பட்டை கூடுதல், அதற்கேற்ற நீளமான ஷொக். ஸ்பிரிங்கைச் சேஸியில் தொங்கவிடுகிற ஷெக்கிள் தகட்டை நீட்டுகிற குறுக்குவழியைத் தொடவில்லை. பொருத்திய பிறகு ஒரு சோதனை செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. ஜீப்பைச் சேஸியில் தூக்கி நிறுத்தி, ஒரு பக்கச் சில்லை ஜாக்கியால் முடிந்த அளவு மேலே தள்ளி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு முனைக்கும் திருப்பிப் பார்த்தார்கள். தொங்குகிற பக்கத்துப் பிரேக் ஹோஸ் நரம்பு மாதிரி விறைத்து நின்றது. உடனே நீளமான ஹோஸ் போட்டார்கள். தள்ளிய பக்கத்தில் டயர் பொடியின் மடிப்பு ஒன்றில் உரசியது. அதைச் சுத்தியலால் மடக்கிவிட்டார்கள். காட்டில் ஒரு பள்ளத்தில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க வேண்டியதைத் தகரக் கூரைக்குக் கீழேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்போது நானாவின் கெட்டித்தனம் என்று நான் நினைக்கிற விஷயம். டயர் பத்து சதவீதம் பெரிதானால் எல்லாக் கியரும் பத்து சதவீதம் பாரமாகும். 1.3 லீற்றர் எஞ்சின் மணலில் அதைத் தாங்காது, இரண்டாம் கியரில் மூச்சு வாங்கும். வெளிநாட்டில் இதற்கென்று தனிப் பல்சக்கரத் தொகுதி விற்கிறார்கள், இங்கே தருவித்தால் விலை தாங்காது. எஸ்.ஜே.யில் கியர்பொக்ஸும், முன் பின் அக்ஸல்களுக்குச் சுழற்சியைப் பிரித்து அனுப்புகிற ட்ரான்ஸ்ஃபர் பெட்டியும் தனித்தனி, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். 413-இன் பெட்டியில் வேகத்தைக் குறைக்கிற விகிதம் சாதாரண ஓட்டத்துக்கான உயர் நிலையில் 1.409, கடினமான இடத்துக்கான தாழ் நிலையில் 2.268. இதே குடும்பத்து எஸ்.ஜே.410-க்கு எஞ்சின் சின்னது, 970 சி.சி., அதனால் சுசுகியே அதன் பெட்டியில் 1.580-உம் 2.511-உம் வைத்திருக்கிறது. உயர் நிலையில் 12 சதவீதம், தாழ் நிலையில் 11 சதவீதம் கூடுதல் குறைப்பு. பெரிய டயர் எடுத்த பத்தை இந்தப் பெட்டி திருப்பிக் கொடுத்துவிடும்.

நானா ஒரு கழித்த 410-இன் பெட்டியை எங்கிருந்தோ கொண்டுவந்து, முழுவதும் கழற்றி, பெயரிங்கும் சீலும் மாற்றி, ஷாஃப்ட் பூட்டுகிற பிளாஞ்சுகளை என் பழைய பெட்டியில் இருந்து எடுத்துப் போட்டுப் பொருத்தினார். பெட்டியைத் தாங்குகிற ரப்பர் தாங்கிகள் இந்த ஜீப்பின் பலவீனமான இடம். அவையும் புதுசு. இப்போது தாழ் நிலை முதல் கியரில் காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டால் ஜீப் நடக்கிற வேகத்தில் தானாக ஊர்ந்து இறங்கும். பிரேக்கே வேண்டாம். ஸ்பீடோ மீட்டர் மட்டும் குறைத்துக் காட்டுகிறது: என் ஜி.பி.எஸ். கருவி 55 என்றால் முள் 50-இல் நிற்கும். வேகக் கட்டுப்பாடு இருக்கிற இடத்தில் இதை மனதில் வைத்து ஓட்டுகிறேன்.

தண்ணீர் வேலை. ஸ்னோர்கல் வேண்டாம் என்று சொன்னவரும் நானாதான். பெற்றோல் எஞ்சினில் காற்றுக்குழாய்க்குத் தண்ணீர் எட்டுவதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து எஞ்சின் நின்றுவிடும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் விளிம்பிலும் பிளக் வயர் முனைகளிலும் சிலிக்கன் கிறீஸ் பூசினார்கள். முன்னும் பின்னும் டிஃப், கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் பெட்டி, இவற்றின் மூச்சுக்குழாய்களை எல்லாம் ரப்பர் ஹோஸால் நீட்டி எஞ்சின் அறையின் மேல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறினால் அதுதான் காரணம். மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பாதுகாப்பு. எந்த ஜீப் வைத்திருக்கிறவரும் இதை முதலில் செய்யலாம்.

வின்ச் போடவில்லை. மின் வின்ச் முழுப் பாரத்தில் 400 அம்பியருக்கு மேல் இழுக்கும். எஸ்.ஜே.யின் ஆல்டர்னேட்டர் அதற்குப் பக்கத்திலேயே வராது, பற்றரிதான் சாகும். அதற்குப் பதில் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று என்று இழுவைக் கொளுக்கிகள், சேஸியின் உள்பக்கம் தகடு கொடுத்து 8.8 தர போல்ட்டால் இறுக்கியவை. ட்ரெய்லர் இழுக்கிற குண்டில் கயிறு மாட்டிப் புதைந்த வாகனத்தை இழுக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குண்டு முறிந்து பறந்தால் ஆள் பிழைக்காது. உலகத்தில் பல இடங்களில் அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

ஓடிப் பார்த்ததில் எப்படி? சம்பூர் தாண்டி வெளிச்சவீட்டுப் பக்கம் போகிற மணல்பாதையில் டயர் காற்றை 26-இல் இருந்து 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். டயர் நீளமாகப் படிந்து, இரண்டாம் கியரில் எங்கேயும் திணறாமல் போனது. மணலில் நிறுத்தும்போது பிரேக் மிதிக்காமல் உருண்டு நிற்க விட்டால் முன்னுக்கு மேடு சேராது, திரும்ப எடுப்பது சுலபம். கரைவலை இழுக்கிற காலத்தில் கரையோரம் போகிறவர்கள் கயிற்றைக் கவனியுங்கள். மணலுக்குள் அரைகுறையாகப் புதைந்து கிடக்கும். அது அவர்களுடைய பிழைப்பு. ஆமை முட்டையிடுகிற மேல் மணலுக்கு நான் ஏறுவதில்லை, டிராக்டர் போய்வருகிற தடத்தோடு நின்றுவிடுவேன். போர் நடந்த நிலம் என்பதால் பாவனையில் உள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதும் கிடையாது. தொழில் எனக்குப் பழக்கிய ஒழுக்கம் அது.

வெருகல் பக்கம் மழைக்குப் பிறகு வயல் பாதையில் ஆல் டெரெய்னின் எல்லை தெரிந்தது. களி பூவை அடைத்து டயர் வழுவழு உருளையாகிவிட்டது. குறுக்காக இரண்டு சில்லு காற்றில் சுற்ற, மற்ற இரண்டும் சும்மா நின்றன. பூட்டு இல்லாத திறந்த டிஃப்பின் குணம் அது, பிடியில்லாத சில்லுக்கே சுழற்சி போகும். டிஃப்பை வெல்ட் பண்ணிவிடச் சொல்லி இளம் பொடியன்கள் நானாவிடம் கேட்கிறார்களாம். ரோட்டில் ஓடுகிற ஜீப்புக்கு அவர் செய்து கொடுப்பதில்லை, வளைவில் உள்சில்லும் வெளிச்சில்லும் ஒரே வேகத்தில் சுற்றினால் அக்ஸல் தண்டு முறியும், ஈர ரோட்டில் வழுக்கவும் செய்யும். தேவையான நேரத்தில் மட்டும் டிஃப்பைப் பூட்டுகிற காற்று லொக்கர் பிறகொரு நாள் பார்க்கலாம். அன்றைக்கு ஒரு மண்வெட்டியும் இரண்டு பலகையும் போதுமாக இருந்தன.

சரி, குறைகள். முதலாவது காலம். சொன்ன நாளில் எதுவும் முடியாது. டிராக்டர் ஒன்று முறிந்து வந்தால் உங்கள் ஜீப் ஓரத்துக்குப் போய்விடும். வயல்காரனின் அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை முன்கூட்டியே சொல்லலாம். போனில் கேட்டால் எப்போதும் “நாளைக்கு” என்றுதான் பதில்.

இரண்டாவது வயரிங். அதை அவர்கள் வெளியே ஒருவரிடம் கொடுத்தார்கள். முன் லைட்டுக்கு இழுத்த வயரில் பியூஸ் இல்லை, இணைப்பெல்லாம் டேப் சுற்றியது. உப்புக் காற்றில் அப்படியான இணைப்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும், பியூஸ் இல்லாத வயர் உரசினால் தீப்பிடிக்கும். நான் சொன்ன பிறகு பணம் எடுக்காமல் ரிலேயும் பியூஸும் போட்டு, இணைப்புகளைப் பற்றவைத்துத் திரும்பச் செய்து கொடுத்தார்கள். ஆனாலும் என் கண்ணில் பட்டிராவிட்டால் அப்படியே வந்திருக்கும். இந்த அளவு வேலை தெரிந்த கராஜ் வயரிங்கையும் தன் கைக்குள் வைத்திருக்க வேண்டும். லைட் விஷயத்தில் இன்னொன்று: 2025 ஜனவரியில் பொலிஸார் மேலதிக லைட்டுகளையும் அலங்காரங்களையும் கழற்றவைக்கத் தொடங்கியது நினைவிருக்கும். கூரை நீள எல்.ஈ.டி. பட்டை வேண்டாம். நான் பம்பரில் தாழ்வாக இரண்டே இரண்டு போட்டிருக்கிறேன்.

மூன்றாவது பில். கொப்பித் தாளில் எழுதிய மொத்தத் தொகைதான் கிடைக்கும். கேட்டால் பிரித்து எழுதித் தருவார்கள், கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். எது மாற்றியது, ஏன் மாற்றியது என்று அந்தச் சாக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரோட்டில் ஜீப் முன்பைவிடச் சத்தம் கூடுதல், உயர் வேகத்துக்கு ஆசைப்படக் கூடாது, பெற்றோல் லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. புகைச் சோதனைக்குக் கார்புரேட்டரைச் சரியாக வைத்துக் கொடுத்ததால் வருட லைசன்ஸ் சிக்கலில்லாமல் புதுப்பித்தேன்.

பளபளப்பான பெயின்ட், தையல் போட்ட சீட், உயர்ந்த தோற்றம் வேண்டுமென்றால் இந்த இடம் உங்களுக்குப் பொருந்தாது. அடியில் படுத்துப் பார்த்தால் திருப்தி தருகிற வேலை வேண்டுமென்றால் போங்கள். போகும்போது ஜீப்பை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவிக்கொண்டு போங்கள், மணலோடு வந்தால் நானா முதலில் கழுவத்தான் அனுப்புவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ முடியும் வரை திறக்க மாட்டார்கள், நோன்பு மாதத்தில் நேரத்தோடு மூடிவிடுவார்கள். ஐப்பசி பிறந்தால் மாரி விதைப்புக்கு டிராக்டர்கள் வரிசை கட்டும், அப்புறம் ஜீப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆவணிக்குள் கொண்டுபோய் விடுங்கள்.